நீச்சல் தெரியாமல் திரிசூலியில் ராஃப்டிங் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நாமக்கல் பக்கம் காவிரிக் கரை ஊர்க்காரர்கள். செப்டம்பர் கடைசி வாரம், பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையில், குடும்பத்தோடு நேபாளம் போய் முக்திநாத் தரிசனம் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறோம். காத்மாண்டுவிலிருந்து போக்கரா போகும் வழியில் திரிசூலி ஆற்றில் ஒரு நாள் ராஃப்டிங்கையும் (காற்றடைத்த ரப்பர் படகில், வேகமாக ஓடும் ஆற்றில் போவது) ஏஜென்ட் சேர்த்திருக்கிறார். "நீச்சல் தெரிய வேண்டாம்மா, சின்னக் குழந்தைகூடப் போகும், ரொம்ப சேஃப்" என்கிறார். எனக்கு நீச்சல் தெரியாது. என் சித்தப்பா மகன் ஆடிப்பெருக்கு அன்று ஆற்றோடு போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். மகனுக்கு 17 வயது, மகளுக்கு 12. கணவருக்கு 51, எட்டு மாதம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். "அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?

(வாசகி, 44 வயது)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. அது கோழைத்தனம் இல்லை. ஒரு ஆறு என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள். உங்கள் பிள்ளைகள் பார்க்கவில்லை. இருபது வருடமாகப் படகோட்டியாகவும், ஆற்று மீட்புப் பயிற்சி கொடுப்பவனாகவும் இமயமலை ஆறுகளில் வேலை செய்கிறேன். தண்ணீருக்கு மரியாதை கொடுக்கிற ஒருவர் படகில் இருந்தால் எனக்கு நிம்மதி. "எனக்கு எல்லாம் தெரியும்" என்று ஏறுகிறவர்மீதுதான் அன்று முழுக்க ஒரு கண் வைத்திருப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டப்படியே என்றால், வேண்டாம். அதைக் கொஞ்சம் மாற்றினால் நீங்களும் பிள்ளைகளும் போகலாம். உங்கள் வீட்டுக்காரர் இந்த முறை படகில் ஏற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நீச்சல் விஷயத்தில் ஏஜென்ட் சொல்வது பாதி உண்மை. நல்ல லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் நீச்சல் தெரியாதவரும் மிதப்பார். ஆனால் ஓடுகிற ஆற்றில் நீச்சல் தெரிந்தவருக்கும் வேறு ஆபத்து இருக்கிறது. ஒரு அக்டோபரில் ரிஷிகேஷ் பக்கம் கங்கையில் எங்கள் படகிலிருந்து ஒருவர் விழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயதிலிருந்து கிணற்றில் குதித்து நீந்தியவர். விழுந்தவர் பதறவே இல்லை. அழகாக நீந்திக் கரைப்பக்கம் வந்தார். தண்ணீர் தொடையளவுதான் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். அங்கேதான் தப்பு. நின்ற கால் இரண்டு பாறைக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வந்த வேகம் அவரை முகம் குப்புறத் தள்ளியது. தொடையளவுத் தண்ணீரில் ஒரு மனிதர் மூழ்கப் பார்த்ததை அன்று பார்த்தேன். நாங்கள் மூன்று பேர் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்து, காலை வந்த வழியே பின்னால் இழுத்து எடுத்தோம். கணுக்கால் வீங்கி, ஒரு நகம் போனதோடு தப்பித்தார். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். ஆற்றுத் தண்ணீர் தள்ளும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் "எனக்கு நீச்சல் தெரியுமா" என்பதைவிட, அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது, கூட்டிப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டுக்கும் விடை ஆற்றங்கரைக்குப் போய் நின்றால்தான் கிடைக்கும். நாமக்கல்லில் உட்கார்ந்து ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தியை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

தண்ணீரை முதலில் பார்ப்போம். திரிசூலி திபெத்திலிருந்து இறங்கி வருகிற ஆறு. கோசைன்குண்டத்தில் சிவபெருமான் சூலத்தைக் குத்தியபோது பிறந்தது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. பெயரும் அப்படி வந்ததுதான். காத்மாண்டுவிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே ரொம்ப தூரம் ஓடுகிறது. சாரௌதி என்ற இடத்தில் படகு இறக்கி, ஃபிஷ்லிங் அல்லது குரிந்தார் வரை வருவதுதான் வழக்கமான ஒரு நாள் பயணம். முக்லிங்கில் மர்ஸ்யாங்தி என்ற ஆறு வந்து சேர்கிறது. இன்னும் கீழே தேவ்காட்டில் காளி கண்டகியும் கலக்கிறது. நீங்கள் தரிசனம் செய்யப்போகும் முக்திநாத்துக்குக் கீழே, சாளக்கிராமக் கற்களை உருட்டிக்கொண்டு வருகிறதே, அதே கண்டகிதான்.

ஆற்றின் வேகத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். ஒன்று என்றால் அசைந்து ஓடும் வாய்க்கால் மாதிரி. ஆறாம் தரம் என்றால் யாரும் போகக் கூடாத இடம். அக்டோபர் பின்பாதியிலும் நவம்பரிலும், அப்புறம் மார்ச்சிலிருந்து மே வரையிலும், சாரௌதிக்குக் கீழே திரிசூலி பெரும்பாலும் 2, 3 என்ற தரத்தில் இருக்கும். "லேடீஸ் டிலைட்", "அப்செட்", "சர்ப்ரைஸ்" என்று ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் படகோட்டிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். மார்பளவு அலை வந்து முகத்தில் அறையும், படகு எகிறும், இரண்டு நிமிஷத்தில் அமைதியான மடு வந்துவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல ஆறு.

ஆனால் நீங்கள் போவது செப்டம்பர் கடைசியில். நேபாளத்தில் மழைக்காலம் விடைபெறுவதே அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டித்தான். 2024 செப்டம்பர் கடைசியில் இரண்டு மூன்று நாள் கொட்டிய மழையில் காத்மாண்டு பள்ளத்தாக்கே வெள்ளக்காடானது. நீங்கள் போகவிருக்கும் இதே சாலையில், தாதிங் மாவட்டத்தில் மண் சரிந்து வண்டிகளோடு பலர் புதைந்துபோனார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படி நடக்காது. பல வருடம் செப்டம்பர் கடைசியிலேயே வானம் வெளுத்துவிடும். ஆனாலும் அந்த வாரத்தை நம்பி முன்பணம் முழுக்கக் கட்டக் கூடாது.

அதனால் முதல் மாற்றம்: ராஃப்டிங்கைப் போகும்போது வைக்காமல், முக்திநாத் முடித்துத் திரும்பும்போது வைக்கச் சொல்லுங்கள். ஆறு வடிவதற்கு ஐந்தாறு நாள் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. போகும்போதே யாருக்காவது கால் பிசகினாலோ காய்ச்சல் வந்தாலோ, எதற்காகக் கிளம்பினீர்களோ அந்தத் தரிசனமே போய்விடும். அடுத்த நாளே ஊருக்கு விமானம் என்றும் வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும்.

கரையில் நின்று நீங்களே பார்க்கக்கூடிய சில அறிகுறிகள் உண்டு. காவிரியில் புதுத்தண்ணீர் வருவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருக்கிறதா? குச்சி, இலை, கட்டை எல்லாம் ஆற்றின் நடுவே மிதந்து வருகிறதா? அப்படியென்றால் மேலே எங்கேயோ மழை, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. படகு இறக்கும் இடத்தில் மணல் திட்டு தெரிகிறதா, இல்லை தண்ணீர் செடி கொடிக்குள் புகுந்து நிற்கிறதா? மணல் தெரியாமல், தண்ணீர் கலங்கி, கட்டை மிதந்து வந்தால் அன்று ஏற வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு கல்லைத் தண்ணீர் விளிம்பில் வைத்துவிட்டு டீ குடித்து வாருங்கள். அரை மணி நேரத்தில் கல் மூழ்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது, கூட்டிப்போகிறவர்கள். ஏஜென்ட்டிடம் எந்த ஆறு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று எழுத்தில் கேளுங்கள். "நேபாள் ராஃப்டிங்" என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. அதே காத்மாண்டுவிலிருந்து ஒரு நாளில் போய்வரும் போட்டே கோஷி ஆறு செங்குத்தாக இறங்கும், அது பழகியவர்களுக்கு. உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம். அப்புறம், ஒரே ஒரு படகு தனியாகப் போகுமா, கூட இன்னொரு படகோ, மீட்புக்குக் கயாக் என்ற ஒற்றை ஆள் படகில் ஒருவரோ வருவாரா என்று கேளுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேருவது அந்தக் கயாக்காரர்தான். பெரிய படகு திரும்பி வருவதற்குள் அவர் பக்கத்தில் இருப்பார். தண்ணீர் அதிகமாக இருந்தால் என்ன செய்வார்கள், பணம் திரும்ப வருமா என்பதையும் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பயண இன்ஷூரன்ஸிலும் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் தனியாகக் கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

இப்போது ஜாக்கெட். கரையில் குவித்துப் போட்டிருப்பார்கள், ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். அதை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டு ஃபோட்டோவுக்கு நிற்காதீர்கள். எல்லாக் கொக்கியும் பூட்டுகிறதா என்று பாருங்கள். கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டையாக இழுத்து இறுக்குங்கள், இடுப்பு முதலில், அப்புறம் மார்பு. மூச்சு விட முடிய வேண்டும், ஆனால் சௌகரியமாக இருக்கக் கூடாது. அந்த அளவு. பிறகு மகனைப் பின்னால் நிற்கச் சொல்லி, தோள்பட்டை இரண்டையும் பிடித்து வேகமாக மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் உங்கள் காது வரை ஏறி வந்தால் அது தளர்வு. தண்ணீரிலும் அப்படித்தான் ஏறி முகத்தை மூடும். மகளுக்கு இதை நீங்களே செய்து பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஒல்லியாக இருந்தால் பெரியவர்களின் ஜாக்கெட் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அவள் அளவுக்கு ஜாக்கெட் இல்லை என்றால் அவள் ஏற வேண்டாம். அழுதாலும் சரி. தண்ணீர் நல்ல நிலையில் இருந்தும் இந்த ஒரு காரணத்துக்காகப் பிள்ளைகளைக் கரையில் நிறுத்தியிருக்கிறேன். ஹெல்மெட்டும் அப்படியே; நெற்றியை மூட வேண்டும், தலையை ஆட்டினால் ஆடக் கூடாது.

உடையில் ஜீன்ஸ், சுடிதார் துப்பட்டா, புடவை எதுவும் வேண்டாம். சீக்கிரம் காயும் டிராக் பேன்ட், டி-ஷர்ட், பின்பட்டை வைத்த செருப்பு அல்லது பழைய ஷூ போதும். மோதிரம், வளையல், கம்மல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் இருப்பவரிடம் கொடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராது என்று தெரியும். தங்கக் கொடியிலிருந்து எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்து, டி-ஷர்ட்டுக்கு உள்ளே, ஜாக்கெட் மேலே அழுத்தும்படி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் இரண்டு காம்பையும் ஒரு கயிற்றால் தலைக்குப் பின்னால் கட்டுங்கள்.

படகில் உட்காருவது உள்ளே இல்லை, ஓரத்து உருளைமேல். முதலில் விழுந்துவிடுவோம் என்றுதான் தோன்றும். குறுக்கே போகும் காற்றுக் குழாய்க்கு அடியில் பாதத்தைச் செருகி ஊன்றிக்கொண்டால் பிடிப்பு வந்துவிடும். நீங்களும் மகளும் நடு வரிசையில் உட்காருங்கள். முன்வரிசையை மகனுக்குக் கொடுத்துவிடுங்கள், அவன் ஆசையும் அதுதான். துடுப்பின் மேல் நுனியில் இருக்கும் கைப்பிடியை மட்டும் எந்த நேரத்திலும் விடக் கூடாது. நான் பார்த்த காயங்களில் அதிகம், ஆற்றால் வந்தவை இல்லை. பக்கத்தில் இருந்தவர் பயத்தில் துடுப்பை விட்டுவிட, அந்தக் கைப்பிடி எகிறி வாயில் பட்டு உதடு கிழிந்தவை, பல் உடைந்தவை. "ஃபார்வர்ட்", "பேக்", "ஸ்டாப்", "கெட் டவுன்" என்று கைடு சொல்லும் ஆங்கில வார்த்தைகள் நாலைந்துதான். படகு கிளம்புமுன் கரையோரத்திலேயே இரண்டு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். அலை வரும்போது துடுப்பை நிறுத்தாதீர்கள். தண்ணீருக்குள் ஊன்றிய துடுப்பு உங்களுக்கு இன்னொரு கால் மாதிரி.

சரி, விழுந்தால்? விழலாம். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். விழுந்த அடுத்த கணம் குளிர் நெஞ்சைப் பிடிக்கும். அது பனி உருகி வருகிற தண்ணீர். வாய் தானாகத் திறந்து மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கும். வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். ஜாக்கெட் உங்களை மேலே கொண்டுவந்துவிடும். மேலே வந்ததும் மல்லாந்து படுத்து, ஆறு போகும் பக்கமாகக் காலை நீட்டி, கால் கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாறை வந்தால் பாதம் முதலில் போய் முட்டும், தலை இல்லை. தரை தட்டினாலும் எழுந்து நிற்காதீர்கள். அந்தக் கோயம்புத்தூர்க்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் எழ வேண்டும்.

ஒருவேளை படகுக்கு அடியில் போய்விட்டால், தலைக்கு மேலே இருட்டாகவும் ரப்பராகவும் தட்டுப்படும். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, ஒரே திசையில் கை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு போங்கள். சில நொடியில் வெளிச்சம் வந்துவிடும். திசையை மட்டும் மாற்றக் கூடாது. கரையிலிருந்தோ படகிலிருந்தோ பையோடு கயிறு எறிவார்கள். பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடியுங்கள். மல்லாந்தபடியே தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து மார்போடு பிடித்துக்கொள்ளுங்கள். கையில் மட்டும் சுற்றிக்கொள்ள வேண்டாம், வேண்டும்போது விடுவிக்க முடியாது. படகுக்குள் ஏற்றும்போது உங்கள் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மூட்டை மாதிரி உள்ளே சாய்ப்பார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, எங்களையும் அப்படித்தான் ஏற்றுவார்கள்.

இதையெல்லாம் ஊரிலேயே வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து மகளோடு நாலு முறை செய்து பாருங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் குளிரில் மூளை யோசிக்காது, உடம்புக்குப் பழகியதுதான் உதவும்.

இனி உங்கள் வீட்டுக்காரர். நான் டாக்டர் இல்லை. ஆனால் திடீரென்று பனித்தண்ணீரில் விழும்போது ரத்தக் கொதிப்பு சட்டென ஏறும், இதயத்துக்குப் பெரிய வேலை வரும். ஸ்டென்ட் வைத்து எட்டு மாதமே ஆனவரை என் படகில் நான் ஏற்ற மாட்டேன். உண்மையில் எனக்குப் படகைவிட முக்திநாத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. கோயில் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே 108 துவாரங்களிலிருந்து கொட்டும் தண்ணீருக்குக் கீழே ஓடிப்போய், அப்புறம் குளத்தில் முங்கி எழுவது வழக்கம். அந்தத் தண்ணீரும் பனிக்கட்டி மாதிரிதான். கிளம்புவதற்கு முன் அவருடைய இதய மருத்துவரிடம் அவரைக் கூட்டிப்போய், "இவ்வளவு உயரம் போகலாமா, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கலாமா" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால், தீர்த்தத்தைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும். கூட வருகிறவர்கள் வற்புறுத்தினாலும் நீங்கள் உறுதியாக இருங்கள்.

ராஃப்டிங் அன்று அவர் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. போக்கராவிலிருந்து வரும்போது குரிந்தார்தான் முதலில் வரும். அங்கிருந்து மனகாமனா தேவி கோயிலுக்கு 1998-லிருந்து கேபிள் கார் ஓடுகிறது. அவரை அங்கே இறக்கிவிட்டு நீங்கள் சாரௌதி வரை மேலே போங்கள். அவர் அம்மனைத் தரிசித்துவிட்டு இறங்கி வருவதற்கும் நீங்கள் ஆற்று வழியாகக் குரிந்தார் வந்து சேருவதற்கும் சரியாக இருக்கும். அன்று இரவே காத்மாண்டு போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். ஈரமும் களைப்புமாக அந்த மலைச்சாலையில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் போக வேண்டியிருக்கும். ஆற்றங்கரையிலேயே தங்கும் இடங்கள் இருக்கின்றன.

பிள்ளைகளிடம் ஊரிலேயே ஒரு பேச்சு பேசிவிடுங்கள். கரைக்குப் போய்ப் பார்த்த பிறகு நம் மூன்று பேரில் யார் "வேண்டாம்" என்றாலும், அவர் ஏற மாட்டார், மற்றவர்கள் அவரைக் கேலி செய்ய மாட்டார்கள் என்று. பணம் கட்டியாயிற்றே என்பதற்காக யாரும் ஏறக் கூடாது. நீங்கள் மட்டும் பின்வாங்கினாலும் வண்டியிலேயே குரிந்தார் போய்விடலாம். சாலை ஆற்றை ஒட்டியே போவதால் வழியில் நிறுத்திப் பிள்ளைகளின் படகு கடப்பதைப் பார்க்கவும் முடியும். தண்ணீர் தெளிவாக இருந்து, ஜாக்கெட் சரியாகப் பொருந்தி, கயாக்காரர் பக்கத்தில் நிற்கும்போது, ஒரு கை பார்த்துவிடலாம் என்று உங்களுக்கே தோன்றினால் தைரியமாக ஏறுங்கள்.

மாற்றுத் துணியையும் ஆளுக்கொரு துண்டையும் தனிப் பையில் போட்டு, வண்டியின் மேலே கட்டாமல் இருக்கையிலேயே வையுங்கள். கரையேறியதும் நடுக்கம் எடுக்கும். முதலில் மகளுக்குத் துவட்டிவிட்டுத் துணி மாற்றுங்கள். அப்புறம் சூடாக தால் பாத் சாப்பிடலாம். யாராவது தண்ணீரில் விழுந்து நிறையக் குடித்திருந்தால் அன்று இரவு முழுக்க அவர்களைக் கவனியுங்கள். இருமல் நிற்காமல் தொடர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.